மாமாவின் பத்தொன்பது மெசின்களை யாருக்கு விற்பது?

மாமா இறந்து முப்பத்தோராம் நாள் கிரியை முடிவதற்கு முன்பே பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் மட்டக்களப்புக் கல்லடி வீட்டு வாசலில் லொறியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மாமா தையல் மெசின் திருத்துகிறவர், பின்வளவுக் கொட்டிலுக்குள் மெசின்கள் நிறைய இருப்பது ஊருக்கே தெரியும். “கடல் காத்துக்கு எல்லாம் கறள் பிடிச்சிரும் மாமி, கிலோ கணக்கில இப்பவே எடுக்கிறன்” என்றாராம். மாமி அவரைப் பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டு எனக்கு அழைப்பெடுத்தார். “புள்ள, இதுகள என்ன செய்யிறண்டு நீ ஒருக்கா வந்து பாரு. எது நல்லது, எது சும்மா கிடக்கிறது எண்டு எனக்குத் தெரியாது.”

நான் ஆரையம்பதியில் வீட்டிலிருந்து தைக்கிறவள். தைக்கப் பழகியது மாமா திருத்திக் கொடுத்த மெசினில்தான். அதனால் அந்தக் கொட்டிலை வெறுமையாக்கும் பொறுப்பு என் தலையில் வந்தது. நாலைந்து மாதம் அலைந்து, பலரிடம் கேட்டு, இரண்டு தடவை பிழைவிட்டு, ஒரு முடிவுக்கு வந்தோம். எங்கள் பக்கத்தில் இதேபோல் அப்பாவோ பெரியப்பாவோ விட்டுச் சென்ற மெசின்களை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்கள் வேறும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் நாங்கள் பார்த்த வழிகளை ஒன்றோடொன்று வைத்து எழுதுகிறேன்.

இரும்புக்காரர் விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். வார்ப்பிரும்புத் தலை, அதாவது ஸ்டாண்ட் இல்லாத மெசின், ஒன்று 12 முதல் 15 கிலோ வரும். அதை நிறுத்து விற்றால் மாமா ஒவ்வொன்றிலும் செலவழித்த கிழமைகளுக்கு ஒரு சதமும் கிடைக்காது. ஓடுகிற மெசினை இரும்பு விலைக்குக் கொடுக்காதீர்கள். வேறு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விலை பேசுவதற்கு முன் வேறொரு வேலை இருந்தது. கொட்டிலில் எண்ணியபோது 22 தலைகள் இருந்தன. அவற்றில் மூன்றின் கைப்பிடியில் நூலால் கட்டிய அட்டைத் துண்டு தொங்கியது. பெயர், ஊர், ஒரு திகதி. திருத்தக் கொடுத்தவர்களுடைய மெசின்கள் அவை. மாமா சுகமில்லாமல் கிடந்த மாதங்களில் கேட்டு வரத் தயங்கியிருக்கிறார்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, மெசினைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாமியின் கையைப் பிடித்து அழுதார். அதை நாங்கள் விற்றிருந்தால் என்ன முகத்தோடு அவரைப் பார்த்திருப்போம்? திருத்தகம் வைத்திருந்தவரின் சாமான்களை விற்க நினைப்பவர்கள் முதலில் கொப்பிகளையும் அட்டைகளையும் தேடுங்கள். மாமாவின் கொப்பி நூல்கட்டைப் பெட்டிக்குள் கிடந்தது.

அடுத்தது உரிமை. மாமா மரண சாசனம் எழுதவில்லை. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை என்ற தனிச் சட்டம் இருக்கிறது. மட்டக்களப்புத் தமிழர் நாங்கள் பொதுச் சட்டத்துக்குள் வருகிறோம். 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி பாதி மாமிக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம் குடும்பங்களில் பங்குக் கணக்கு வேறு. மாமாவுக்கு ஒரு மகன் சுவிஸில், ஒரு மகள் கொழும்பில். பழைய மெசின் தானே என்று நாங்கள் பாட்டுக்கு விற்றிருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும் படம் எடுத்து இருவருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பி, யாருக்காவது எதிலாவது ஆசை இருக்கிறதா என்று கேட்டோம். மச்சாள் ஒரு கை மெசினைக் கேட்டார். சின்ன வயதில் அவருடைய பாவைப்பிள்ளைக்குச் சட்டை தைத்தது அதில்தான். இதைக் கேட்காமல் விட்டிருந்தால் பிற்காலத்தில் மனஸ்தாபம்தான் மிஞ்சியிருக்கும்.

இனி மெசின்கள். மீதி 19. பெயரோடு வருகிற இலக்கம் கொம்பனி வைத்த வகை இலக்கம். ஒன்பது கால் மெசின்கள், எல்லாம் சிங்கர் 15ஆம் வகையும் அதைப் பார்த்துச் செய்தவையும்: இரண்டு சிங்கர், போருக்குப் பிந்திய யப்பான் மெசின்கள் மூன்று, ஊஷா இரண்டு, சீனத்துப் பட்டர்ஃபிளை இரண்டு. நான்கு கை மெசின்கள்: இரண்டு சிங்கர் 99, ஒரு 27, ஒரு 28. மோட்டர் பூட்டிய சிங்கர் 66 இரண்டு. பிறகு ஒரு சிங்கர் 201, ஒரு ஜெர்மன் ஃபாஃப் 130, ஒரு சிங்கர் 221. கடைசியாக ஒன்று, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தலை இல்லாத இரும்பு ஸ்டாண்டுகளும் மூன்று கிடந்தன.

இவற்றைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் கொட்டிலிலேயே இருந்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மாமா சிலவற்றைப் புதிதாகக் கறுப்புப் பூசி, புதுப் பொன் ஸ்டிக்கர் ஒட்டி மினுக்கியிருந்தார். சிலவற்றில் பூச்சைத் தொடவே இல்லை. உள்ளே மட்டும் கழற்றித் துப்புரவாக்கி எண்ணெய் விட்டு, வெளியே பழைய பொன் ஓவியம் தேய்ந்தது தேய்ந்தபடி விட்டிருந்தார். நேரம் கிடைக்காமல் விட்டார் என்று நினைத்தேன். இல்லை. பூசியவை எல்லாம் தைக்கிறவர்களுக்கான மெசின்கள். பூசாதவை சேகரிக்கிறவர்களுக்கானவை. பழைய மெசின் சேர்க்கிறவர்கள் மறுபூச்சுப் பூசியதை விரும்பமாட்டார்கள், தேய்ந்திருந்தாலும் அந்தக் காலத்து ஓவியம்தான் வேண்டும் என்பார்கள். தைக்கிற பெண்ணுக்கோ பூச்சில் கீறல் இருந்தால் சாறித் துணி இழுபடும், மினுக்கமாக இருந்தால்தான் பிடிக்கும். எது எங்கே போகவேண்டும் என்று மாமா கையாலேயே பிரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் முடிவு முழுவதும் இதிலிருந்துதான் வந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. விற்க முன் மினுக்க வேண்டும் என்று பூசாத மெசினை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். பழைய சிங்கரின் கறுப்புக்கு மேல் இருப்பது அரக்கு வார்னிஷ். ஸ்பிரிட் அதைக் கரைத்து ஓவியத்தையும் கொண்டுபோய்விடும். சவர்க்காரத் தண்ணீரும் பொன் நிறத்தை வெள்ளியாக வெளுக்க வைக்கும். தையல் மெசின் எண்ணெயில் தோய்த்த பருத்தித் துணி போதும். மெசின் இறுகிக் கிடந்தால் அது பழுது என்று முடிவு கட்டவும் வேண்டாம். எங்கள் ஊர்களில் முக்கால்வாசி மெசின் இறுகியது தேங்காய் எண்ணெயால். அது காய்ந்து பசையாகிவிடும். சில துளி மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, சில்லைக் கையால் மெல்ல மெல்ல அசைத்து, விட்டதும் துடைத்து நல்ல எண்ணெய் போட்டால் பெரும்பாலும் ஓடும். ஓடாத மெசின் இரும்பு, ஓடுகிற மெசின் ஒரு வீட்டுக்கு வருமானம். இந்த ஒரு நாள் வேலைக்கு அவ்வளவு பெறுமதி.

சரி, முதல் வழி: எல்லாவற்றையும் ஒரே ஆளுக்குக் கொடுத்துவிடுவது. கொழும்பிலிருந்து பழம்பொருள் வாங்குகிற ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர், மெசின் தெரிந்தவர். பத்தொன்பதுக்கும் ஸ்டாண்டுகளுக்கும் சேர்த்து 180,000 ரூபாய் சொன்னார். அன்றே காசு, அன்றே லொறி. செத்தவீட்டுச் செலவும் ஆஸ்பத்திரிச் செலவும் கழுத்தில் இருக்கும்போது அந்தத் தொகை சின்னதல்ல. மாமி சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தார். ஆனால் அவருடைய கண் எங்கே போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 27, 28, ஃபாஃப், 201, 221 என்று ஐந்தையும் தூக்கிப் பார்த்தார், அடியில் திருப்பி எண் பார்த்தார். ஒன்பது கால் மெசின்களை ஒருதடவைகூடத் தொடவில்லை. அவருக்கு வேண்டியது ஐந்து. மற்ற 14ஐயும் சும்மா வாங்கி, ஸ்டாண்டை மேசைக்கால் செய்ய விற்றுத் தலையை எறிவார். அவரில் பிழை இல்லை, அது அவருடைய தொழில். ஆனால் நன்றாகத் தைக்கிற ஒன்பது மெசின் எறியப்படுவதற்கு நாங்கள் விலை வாங்கக் கூடாது என்று மாமியிடம் சொன்னேன். மாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப கொஞ்சம் பொறுப்பம்” என்றார்.

பொறுக்க முடியாத வீடுகளும் உண்டு. வட்டிக்கு எடுத்த கடன் ஓடிக்கொண்டிருந்தால், வீட்டில் பொறுப்பாக நின்று விற்க ஆள் இல்லாவிட்டால், மொத்தமாகக் கொடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை. அப்படிக் கொடுப்பதாயினும் ஒன்று செய்யுங்கள்: வருகிறவர் எதைத் தூக்கிப் பார்க்கிறார் என்று பார்த்து, அவற்றுக்குத் தனி விலை கேளுங்கள். மொத்த விலையில் பெரும்பங்கு அந்த ஐந்துக்குள்தான் இருக்கும்.

இரண்டாவது, இணைய விளம்பரம். படம் எடுத்துப் போட்டோம். முதல் கிழமை நாற்பது ஐம்பது அழைப்பு. “கடைசி விலை என்ன?” என்பதோடு பாதிப்பேர் நின்றார்கள். தூரத்து ஆட்கள் பார்க்காமலே குறைத்துக் கேட்டார்கள். பரவாயில்லை, அது சந்தை. ஆனால் ஏழெட்டு அழைப்பு வேறு மாதிரி வந்தது. மெசின் எந்த வருஷம் என்று கேட்கவில்லை, ஓடுமா என்றும் கேட்கவில்லை. ஊசிப் பக்கத்தில் போனைப் பிடித்தால் சிக்னல் போகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். இலட்சக் கணக்கில் தருவார்களாம். பழைய சிங்கர் மெசினுக்குள் சிவப்புப் பாதரசம் என்று ஏதோ பெரும் விலைப் பொருள் இருக்கிறது என்ற கதை அது. 2009 ஏப்ரலில் சவூதியில் இந்த வதந்தி பரவி, பழைய மெசின்களை ஆயிரக்கணக்கான ரியாலுக்கு ஆட்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். அங்கே வேலை செய்த எங்கள் பகுதி ஆட்களோடு அந்தக் கதை இங்கேயும் வந்துவிட்டது. தையல் மெசினுக்குள் சாதாரண உலோகமும் எண்ணெயும் தவிர ஒன்றும் இல்லை. அப்படி ஒரு பொருளை எந்தத் தொழிற்சாலையும் எந்த மெசினிலும் வைத்ததில்லை. இந்தக் கதை சொல்லி முற்பணம் கேட்கிறவர்களும், சோதித்துப் பார்க்கிறோம் என்று மெசினைக் கழற்றிச் சிதைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தனியே இருக்கும் மாமிமாரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நாங்கள் அதற்குப் பிறகு விளம்பரத்தில் மாமியின் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டோம், வீட்டு விலாசத்தையும் எடுத்துவிட்டோம்.

“நூறு வருஷப் பழசு, அப்ப நல்ல விலை போகும்” என்ற நினைப்பும் எங்களுக்கு இருந்தது. சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். ஸ்கொட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற இடத்திலிருந்த அவர்களுடைய தொழிற்சாலை முதலாம் உலகப் போருக்குச் சற்று முன் ஒரே ஆண்டில் பத்து இலட்சத்துக்கும் மேல் மெசின் செய்தது. இங்கே வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அங்கிருந்து வந்தவைதான். இவ்வளவு செய்த பொருள் பழசானாலும் அரிதாகாது. வயதைத் தெரிந்துகொள்ளலாம்: அடித்தட்டில் பொறித்த எண்ணில் எழுத்தே இல்லாமல் இலக்கம் மட்டும் இருந்தால் அது 1900க்கு முந்தியது, எழுத்தோடு தொடங்கினால் பிந்தியது. எங்கள் 27 எழுத்தில்லாதது. அதன் மேல் எகிப்தியச் சிங்க உருவம் பொன்னில் அப்படியே இருந்தது. அதுவும் கீழ்நூலைக் கொண்டுபோகிற படகு மாதிரியான ஷட்டிலும் நீட்டுப் பொபின்களும் தொலையாமல் பெட்டிக்குள் இருந்ததும்தான் அதற்கு விலை கொடுத்தது. ஷட்டில் இல்லாத 27 வெறும் அழகுப் பொருள். உங்களிடம் அந்த வகை இருந்தால் மேசை இழுப்பறை எல்லாம் கொட்டித் தேடுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதைப் பற்றி மச்சான் சுவிஸிலிருந்து கேட்டார், அங்கே இவற்றுக்கு ஆசைப்படுகிற ஆட்கள் உண்டு என்றார். உண்டுதான். ஆனால் 14 கிலோ வார்ப்பிரும்பைப் பொதி செய்து அனுப்பும் செலவு மெசின் விலையைத் தின்றுவிடும், வழியில் விழுந்தால் கைப்பிடிப் பக்கம் உடைந்துவிடும். இந்தக் கணக்குக்குத் தப்பியது ஒன்றே ஒன்று, 221. 1933இல் முதலில் வந்த அந்தச் சின்ன மெசின் அலுமினியத்தால் ஆனது, ஐந்து கிலோதான். அதற்கென்றே கறுப்புப் பெட்டியும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டிலிருந்து மாமா வாங்கியது. மோட்டரில் எழுதியிருந்த வோல்ட் அளவைப் பார்த்தோம், கிளைட்பேங்கில் செய்தது, 230 வோல்ட்டுக்குச் சரி. அதனால் சுவிஸுக்கும் இலண்டனுக்கும் பொருந்தும். கனடாவுக்குப் பொருந்தாது, அங்கே மின்சாரம் வேறு. திவசத்துக்கு வந்த மச்சான் திரும்பும்போது அதைக் கையோடு கொண்டுபோனார். விற்றாரோ இல்லையோ நான் கேட்கவில்லை. அவருடைய பங்கில் அது கழிந்தது.

மூன்றாவதாக, தையல்கடை ஒன்றில் தரகுக்கு வைத்துப் பார்த்தோம். இது நாங்கள் விட்ட பிழை. மெசினைக் கடை வாசலில் வைத்தால் ஆட்கள் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் ஒருவரும் வாங்கவில்லை, கடைப்பிள்ளைகள் அதில் தைத்துப் பட்டியையும் தேய்த்து பொபின் கேஸையும் மாற்றிவிட்டார்கள். உண்மையில் நகரத்துத் தையல்கடைக்காரர் எங்களுடைய வாடிக்கையாளரே இல்லை. காத்தான்குடியில் அபாயா தைக்கிற இடங்களுக்குப் போய்ப் பாருங்கள், எல்லாம் ஜூக்கி மாதிரி வேக மெசின்கள். ஒரு நாளைக்கு முப்பது உடுப்பு இறக்குகிறவருக்குக் கால் மெசின் எதற்கு?

அப்படியென்றால் யாருக்கு? இது தெரிந்ததும் வேலை இலேசானது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, கரடியனாறு பக்கங்களில் வீட்டிலிருந்து தைக்கிற பெண்கள் ஏராளம். பிள்ளைகளுக்கு அரசாங்கம் தருகிற சீருடைத் துணியை அவர்கள்தான் அயலுக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள். புது மெசின் கடை விலைக்கு வாங்க முடியாது, தவணையில் எடுத்தால் வட்டி. ஏற்கெனவே கிழமைக் கடனில் மூச்சுத் திணறுகிற குடும்பங்கள். இன்னொரு காரணமும் அவர்களே சொன்னது: 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டினார்களே, அப்போது மோட்டர் மெசின் வைத்திருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள், கால் மெசின்காரர் குப்பிவிளக்கு வெளிச்சத்தில் தைத்தார்கள். அவர்களுக்கு கால் மெசின் பழம்பொருள் அல்ல.

அங்கே போய்ச் சேர எந்த விளம்பரமும் தேவைப்படவில்லை. நான் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிற மூன்று பேரிடம் சொன்னேன், கோயில் மாதர் சங்கத்தில் மாமி சொன்னார். அடுத்த கிழமை ஓட்டோவில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வருகிறவர்களிடம் ஒன்றைத்தான் சொல்லி வைத்தோம்: நீங்கள் தைக்கிற துணியைக் கொண்டு வாருங்கள். முதலில் இரண்டு மடிப்புப் பருத்தியில், பிறகு டெனிமை நான்கு மடிப்பாக மடித்து, கடைசியில் வழுக்குகிற சாறித் துணியில், அவர்களே மிதித்துத் தைத்துப் பார்ப்பார்கள். அரை மணித்தியாலம், சிலர் ஒரு மணித்தியாலம். ஒருவர் தைத்துக்கொண்டே அடுத்தவர் மெசினின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, “அதுதான் நல்லது” என்று மாறி உட்கார்ந்தார். தைத்துப் பார்த்தவர் விலை குறைத்துக் கேட்பதும் குறைவு, திரும்பி வந்து குறை சொல்வதும் இல்லை.

விலையை எப்படி வைத்தோம் என்றால், கடையில் புதுக் கால் மெசின் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு அதில் பாதிக்கு மேல் போகவில்லை. பின்னுக்குத் தைக்கிற நெம்பு உள்ள யப்பான் மெசின்களுக்குக் கொஞ்சம் கூட, அது இல்லாதவற்றுக்குக் கொஞ்சம் குறைவு. தைக்கிறவருக்கு அந்த நெம்பு பெரிய விஷயம். 15ஆம் வகைக்கு இன்னொரு பலம், பொபின், பொபின் கேஸ், ஊசி எல்லாம் எந்தச் சந்தையிலும் கிடைக்கும், சிங்கருக்கு வாங்கியது ஊஷாவுக்கும் பொருந்தும். இதை ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்தி, ஒரு பொபினும் இரண்டு ஊசியும் ஒரு சின்ன எண்ணெய்ப் போத்தலும் கூடவே கொடுத்தோம்.

பாதிக் காசு கையில், மீதி மூன்று மாதத்தில் என்று கேட்டவர்கள் நான்கு பேர். என் அண்ணன் வேண்டாம் என்றார், காசு திரும்பாது என்றார். மாமிதான் கொடு என்றார். தையல் மெசினைத் தவணைக்கு விற்பது புதிதல்ல. 1856இலேயே சிங்கர் கொம்பனி அதைத் தொடங்கியது, அதனால்தான் ஏழை வீடுகளுக்குள் மெசினே வந்தது. நாங்கள் வட்டி போடவில்லை. இரண்டு பேர் பிந்தினார்கள், ஒருவர் கடைசித் தவணைக்கு நெல்லு மூட்டை கொண்டுவந்தார், எல்லாரும் கொடுத்து முடித்தார்கள். ஏழு கால் மெசின் மட்டும் 154,000 ரூபாய். கொழும்புக்காரர் முழுவதற்கும் சொன்னதில் பெரும்பகுதி, அதுவும் அவர் தொடாத மெசின்களில். ஆனால் அதற்கு எடுத்தது நான்கு மாதம், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆடியில் தொடங்கியதால் மாரி மழைக்கு முன் முடிந்தது. கல்லடி மாதிரி வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற இடத்தில் கார்த்திகை, மார்கழிக்கு மெசினை வைத்திருந்தால் பூசிய பூச்சும் கொப்பளிக்கும். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் தைக்கிறவர்களுக்கு வேலை கூடுகிற காலம், அப்போதுதான் வாங்க வருவார்கள். முஸ்லிம் ஊர்ப்பக்கம் விற்பதானால் நோன்புப் பெருநாளுக்கு முன்.

இரண்டு கால் மெசினை, சின்னக் கோளாறு இருந்த பட்டர்ஃபிளைகளை, படுவான்கரையில் ஒரு தையல் வகுப்புக்குச் சும்மா கொடுத்தோம். கொடுக்க நினைப்பவர்கள் ஒரே வகையாகக் கொடுங்கள், பழக்குகிறவருக்கு அதுதான் உதவி. விதவிதமாகக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு பாகம் தேட வேண்டும், கடைசியில் மூலையில் கிடக்கும்.

ஸ்டாண்டுகள் மூன்றும் அறுகம்பேயில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற ஒருவர் மேசை செய்ய வாங்கினார். தலையில்லாத ஸ்டாண்ட், ஆகவே எனக்கு மனவருத்தம் இல்லை. அவரே நல்ல தலையோடு இருந்த இரண்டைக் கேட்டு அதிக விலை சொன்னார், கொடுக்கவில்லை. ஸ்டாண்டைப் பிரித்துவிட்டால் தலை அனாதைதான்.

பிறகு கொழும்புக்காரரை நானே அழைத்தேன். 27, 28, ஃபாஃப் மூன்றுக்கும் தனித்தனி விலை பேசினோம். எண்ணையும் ஓவியத்தையும் ஷட்டிலையும் கிட்டப் படம் எடுத்து முதலே அனுப்பியிருந்ததால் பேச்சு நீளவில்லை. அவரே வந்து கொண்டுபோனார். ரயிலில் பார்சல் போடலாம் என்று ஒரு யோசனை இருந்தது, வார்ப்பிரும்பு குலுங்கினால் தாங்காது என்று விட்டோம். 201ஐ நான் எடுத்துக்கொண்டேன், என் பங்கல்ல, மாமி நிர்ணயித்த காசு கொடுத்து. மாமாவே சொல்வார், வீட்டு மெசினில் அதுபோல் சத்தமில்லாமல் தைப்பது வேறில்லை என்று. மச்சாளுக்கு ஒரு 99, மற்றதைத் திருக்கோவிலில் ஒரு புது மணப்பெண்ணுக்குச் சீதனமாக வாங்கிப் போனார்கள். 66 ஒன்று விற்றது, மற்றது மாமியிடம். வயரைப் புதிதாகப் போட்டபிறகுதான் இரண்டையும் கையால் தொட விட்டேன். பழைய மோட்டரின் ரப்பர் வயர் உதிர்ந்து செம்பு தெரியும், அதை அப்படியே யாருக்கும் விற்கக் கூடாது.

பத்தொன்பதாவது இன்னும் கொட்டிலில் இருக்கிறது. 2004 சுனாமிக்கு மூன்றாம் நாள் நாவலடியில் மணலுக்குள்ளிருந்து மாமா தோண்டி எடுத்து வந்த சிங்கர் 15. உப்புத் தண்ணீர் குடித்த மெசினை உடனே நல்ல தண்ணீரில் கழுவி மண்ணெண்ணெயில் போடாவிட்டால் ஒரு கிழமையில் ஒட்டிப் பிடித்துவிடும் என்று, அந்த நாட்களிலும் அதைச் செய்தார். யாருடையது என்று கேட்டு அலைந்தார், ஒருவரும் வரவில்லை. பிறகு ஆறு மாதம் எடுத்துத் திருத்தினார். கொழும்புக்காரர் அதற்கும் விலை கேட்டார், எண் நல்ல எண்ணாம். மாமி அதை விலைப்பட்டியலில் சேர்க்கவே விடவில்லை.

நான் அதைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். முழுவதும் புதுக் கறுப்புப் பூசி மினுக்கியிருந்தார், அடித்தட்டின் வலது மூலையில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பழைய பூச்சை அப்படியே விட்டிருந்தார். அந்த இடத்தில் ஆணியால் கீறிய இரண்டு தமிழ் எழுத்து, ஒரு பிள்ளையின் கையெழுத்து மாதிரி.